பிரேமில் விரிசல்: ஆர்க்கா, ஆர்கானா, பித்தளையா, காயலான் கடையா?

சென்னை பாடி மேம்பாலத்தில் சைக்கிளில் ஏறும்போதுதான் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. வலது பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு 'டிக்'. சமதரையில் இல்லை, ஏற்றத்தில் மட்டும். பெடல் கையை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் லூஸாகியிருக்கும் என்று புதுசு அடித்தேன். போகவில்லை. பெடல் அச்சு சுழலும் கூட்டை, மெக்கானிக்குகள் பி.பி. என்பார்களே அதைப் பிரித்து, பால்ரஸ் மாற்றி கிரீஸ் அப்பினேன். அப்போதும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது துணி ஓரிடத்தில் மாட்டி நூல் பிரிந்தது. சீட் பைப்பு பி.பி. கூட்டில் இறங்கும் இடத்துக்கு அரை அங்குலம் மேலே, பெயிண்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு துருக்கோடு.

அப்பா 1994-ல் வாங்கிய 22 அங்குல இரும்பு சைக்கிள் அது. வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நான் வேலைக்குப் போவது அதில்தான். அடுத்த பத்து நாளில் நாலு பட்டறைகளில் காட்டினேன். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். அவரவர் கையில் இருக்கும் கருவிக்கு ஏற்ற வைத்தியத்தைத்தான் அவரவர் சொல்கிறார்கள் என்பது மூன்றாவது பட்டறையில்தான் உறைத்தது.

பட்டறைக்குப் போகும் முன் அது விரிசல்தானா என்று பார்த்துவிட வேண்டும். பெயிண்ட் மட்டும் வெடித்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். உப்புத்தாள் போட்டுப் பெயிண்டை எடுத்துவிட்டு, வெறும் இரும்பில் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். கால் மணி நேரம் விட்டு, ஈரமே இல்லாமல் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடு போடும். வீட்டில் சாக்பீஸ் இல்லை. பூஜை அலமாரியிலிருந்து விபூதியை எடுத்தேன். அம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். ஐந்தாறு நிமிஷத்தில் குழாயின் வலது பக்கத்தில் கோடு விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்திருந்தது ஒன்றரை சென்டிமீட்டர். விபூதி காட்டியது மூன்று. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் ஸ்ப்ரே டப்பாவில் வைத்திருப்பார்கள். சூட்சுமம் ஒன்றுதான்.

இனி, விரிசல் எங்கே என்பது. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலோ, ஹேண்டில் பார் நுழையும் ஹெட் பைப்பிலோ, கீழ் பார் போய் ஹெட்டில் சேரும் இடத்திலோ இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லை. ஃபோர்க் என்றால் புது ஃபோர்க், ஹெட் என்றால் வேறு பிரேம். பின்பக்கம் ஒரு குழாய் விட்டுப்போனால் வண்டி தொய்யும், ஆடும், இறங்கிவிடலாம். முன்பக்கம் விட்டுப்போனால் முகம்தான் முதலில் தார் ரோட்டுக்குப் போகும், பின்னால் மாநகரப் பேருந்து வந்துகொண்டிருக்கும்போது. சீட் பைப்பு, பி.பி. கூட்டிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாயான செயின் ஸ்டே, பின் சக்கர அச்சு உட்காரும் காதுகள், சீட் கம்பியை இறுக்கும் கிளாம்ப், இவை ரிப்பேர் பேசக்கூடிய இடங்கள். கிளாம்ப் பக்கம் வரும் விரிசலுக்குப் பெரும்பாலும் வீட்டில் வளர்ந்துவிட்ட ஒரு பையன் காரணமாக இருப்பான். சீட் கம்பியை அதில் போட்டிருக்கும் கோட்டுக்கும் மேலே இழுத்து ஓட்டினால், நெம்புகோல் போல அது குழாயின் வாயைப் பிளக்கும்.

துருவையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். திருவான்மியூர், காசிமேடு பக்கம் கடற்காற்றில் நின்ற சைக்கிள் என்றால் இரட்டிப்பு கவனம். மழைத் தண்ணீர் சீட் கம்பி வழியாக இறங்கி, பி.பி. கூட்டில் தேங்கி, குழாயை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்த இடம் சொத்தென்று சொல்லும். சொத்தென்றால் எந்த வெல்டிங்கும் நிற்காது, ஒட்டுவதற்கு அங்கே இரும்பு வேண்டுமே.

இதெல்லாம் தேறிய பிறகு பட்டறைக்குப் போகலாம்.

முதலில் போனது தெருமுனை கிரில் பட்டறை. "அஞ்சு நிமிஷ வேலை சார், நூத்தம்பது குடுங்க" என்றார். கையில் ஆர்க் வெல்டிங் ராடு, தலையில் கண்ணாடி, தயார். நல்ல தொழில்காரர்தான். எங்கள் வீட்டு கேட் அவர் செய்தது, பத்து வருஷமாக நிற்கிறது. ஆனால் கேட்டுக்கு அவர் பற்றவைப்பது 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி. சாதா சைக்கிள் குழாயின் சுவர் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர். கம்பிக்கு வைத்த கரண்டில் குழாயைத் தொட்டால் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க இன்னும் கொஞ்சம் இரும்பு ஊற்றுவார்கள், அது கட்டியாக நிற்கும், கிரைண்டரைப் போட்டு மழமழவென்று தேய்த்துத் தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆறு மாதத்தில் கட்டியின் ஓரத்தில், முன்பு நன்றாக இருந்த இடத்தில், புதுக் கோடு தெரியும். இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பக்கத்து இரும்பின் குணமே மாறிவிடுகிறது. கட்டி விறைப்பாக நிற்கும், குழாய் வளைந்து கொடுக்கும். இரண்டும் சேரும் விளிம்பில் எல்லா இழுவையும் குவிகிறது. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு கம்பி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆர்க் போட்டுக்கொள்ளலாம். பிரேமுக்கு நான் சம்மதிக்கவில்லை.

கார் டிங்கரிங் கடைகளில் சி.ஓ.டூ வெல்டிங் இருக்கிறது. மெல்லிய கம்பி, ஆர்க்கை விடச் சூடு அடக்கம். ஆனால் நிமிஷத்தில் முடிக்கிற அவசரத்தில் மேலே மட்டும் ஒட்டி உள்ளே பிடிக்காமல் போகிற ஆபத்து உண்டு. ஆர்க்கா இதுவா என்று வேறு வழியே இல்லாமல் கேட்டால் இது. அவ்வளவுதான்.

அப்புறம் ஆர்கான். ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் ஒட்டுவது. டிக் வெல்டிங் என்று புத்தகத்தில் இருப்பதை நம் ஊரில் ஆர்கான் என்றே சொல்கிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓட்டல்களுக்கு எவர்சில்வர் மேசை, பாத்திரத் தொட்டி செய்யும் பட்டறை ஒன்று என் ஆபீசுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மெல்லிய தகடுதான் அவர்கள் தினசரி வேலை, ஆகவே குழாய்ச் சுவர் அவர்களுக்குப் பயமில்லை. எனக்கு ஆசை முழுக்க இதில்தான் இருந்தது. அங்கிருந்தவர் பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட் பைப்பு கூட்டில் நுழையும் ஓரத்தில் அரத்தால் ஒரு கீறு கீறினார். மஞ்சளாக ஒரு இழை மின்னியது.

"பித்தளை சார் இது. நான் போட்டா பக்கத்துல வெடிக்கும். கேஸ்காரர்கிட்ட எடுத்துட்டுப் போங்க" என்றார். டீ வேறு வாங்கித் தந்தார்.

அந்த மஞ்சள் இழையில்தான் விஷயமே இருக்கிறது. பழைய இரும்பு சைக்கிள்களில் குழாயும் குழாயும் நேராக ஒட்டப்படுவதில்லை. மூலைகளில் லக் என்று ஒரு சாக்கெட் இருக்கும். குழாயை அதில் நுழைத்து, இடுக்கில் பித்தளையை உருக்கி ஓட விட்டிருப்பார்கள். பித்தளை ஊறிய இடத்தில் ஆர்க்கோ ஆர்கானோ வைத்து இரும்பை உருக்கினால், பித்தளையில் இருக்கும் செம்பு சூடான இரும்பின் மணிகளுக்கு நடுவே ஊடுருவி அவற்றைப் பிரித்துவிடும். ஒட்டுப் போடும்போதே புது விரிசலுக்கு விதை விழுந்துவிடும். அரை அங்குலம் தள்ளி இருந்தாலும் என் விரிசலின் கீழ் முனை லக்கின் உதட்டுக்குப் போய்விட்டிருந்தது.

லக் இல்லாமல் குழாயும் குழாயும் நேரடியாக வெல்டிங்கில் சேர்ந்த சைக்கிள், அதாவது இன்றைய இரும்பு எம்.டி.பி. என்கிற மலைப்பாதை சைக்கிள், பையன்களின் கியர் சைக்கிள் எல்லாம், ஆர்கானுக்கே உரியவை. அங்கே பித்தளை கிடையாது. கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: எவர்சில்வர் பட்டறையில் பழக்கதோஷத்தில் எவர்சில்வர் ராடையே வைத்துப் போட்டுவிடுவார்கள். சாதா இரும்போடு அது கலந்தால் ஒட்டு விறைத்து நொறுங்கும் தன்மைக்குப் போகலாம். இரும்புக்கு இரும்பு ராடு என்று சொல்லிக் கேளுங்கள். அலுமினிய பிரேமையும் இதே பட்டறையில் சந்தோஷமாகப் போட்டுத் தருவார்கள். அது வேண்டாம். பிரேமுக்குப் பயன்படும் 6061 ரக அலுமினியத்துக்கு வெல்டிங் ஆன பிறகு உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் பழைய பலம் வரும். அந்த உலை தெருப் பட்டறையில் ஏது?

கடைசியாகப் புதுப்பேட்டை. சைலன்சரும் பெட்ரோல் டேங்கும் ஒட்டும் கேஸ் வெல்டிங் கடை. உள்ளே இருந்த பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். "பித்தளை வெச்சு ஊத்திடலாம் தம்பி. ஆனா சும்மா ஊத்துனா நிக்காது, பட்டி போடணும்" என்றார். நாலு பேரில் 'எப்படிச் செய்தால் நிற்காது' என்று முதலில் சொன்னவர் இவர்தான். அங்கேயே முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை ராடு 900 டிகிரி அளவில் உருகிவிடும். இரும்பு உருகுவதே இல்லை, சிவக்க மட்டும் செய்கிறது. ஆகவே குழாயில் ஓட்டை விழும் பேச்சே இல்லை, ஏற்கெனவே இருக்கும் பித்தளையோடும் சண்டை இல்லை. பலவீனமும் உண்டு. விரிசலின் இடுக்கில் மட்டும் பித்தளையை அடைத்தால் அது இழுவையைத் தாங்காது. அகலமான பரப்பில், இரண்டு இரும்புக்கு நடுவே மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் அது பிடித்த பிடி விடாது. லக்கும் அந்தத் தந்திரம்தான். பாய் சொன்ன பட்டியும், அதாவது விரிசலை மூடி அணைக்கும் இரும்புத் துண்டும், அதேதான்.

வேலைக்குக் கொடுக்கும் முன் நான் வீட்டிலேயே கிராங்க் என்கிற பெடல் கை, பால்ரஸ், ஃபோர்க், சீட் எல்லாவற்றையும் கழற்றி, கிரீஸை பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டேன். சூட்டில் மரை கோணாமல் இருக்க பழைய பி.பி. கப் இரண்டை மட்டும் திருகி விட்டிருந்தேன். பின் காதுகள் நகராமல் இருக்க ஒரு பழைய ஹப்பை நட்டு போட்டு இறுக்கியிருந்தேன். இது இல்லாமல் செயின் ஸ்டே பக்கம் சூடு காட்டக் கூடாது.

பாய் முதலில் பஞ்ச் வைத்துத் தட்டி, விரிசலின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் டிரில்லில் ஓட்டை போட்டார். கிழிசல் மேலே போகாமல் இருக்கத் தையல்காரர் முனையில் முடிச்சுப் போடுவது போல. விரிசலின் கூர்முனையில் குவியும் இழுவை வட்டமான ஓட்டையைச் சுற்றிப் பரவிவிடும். முனை எது என்று விபூதி காட்டியிருக்காவிட்டால் ஓட்டையை நடுவில்தான் போட்டிருப்போம். பிறகு காயலான் கடை பிரேம் ஒன்றிலிருந்து அறுத்த குழாய்த் துண்டை எடுத்தார். அதே அளவு, ஒன்றே அரைக்கால் அங்குலம். நீளவாக்கில் பிளந்து, கொஞ்சம் விரித்து, விரிசலை மூடிக் குழாயை முக்கால் சுற்று அணைக்கும்படி உட்கார வைத்தார். மேல் முனையைச் சதுரமாக விடாமல் வேல் நுனி போல அரத்தால் ராவினார். சதுரமாக வெட்டிய பட்டியின் விளிம்பில் விறைப்பு சட்டென்று மாறும், விரிசல் அங்கேயே மறுபடி பிறக்கும். லக்குகளின் ஓரமும் கூர்ந்து நீண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். நான் இத்தனை வருஷமாக அதை வெறும் அழகு வேலை என்று நினைத்திருந்தேன்.

ராடைச் சூடாக்கி வெண்காரப் பொடியில் தோய்த்தார். பொடி பொரிந்து, உருகி, கண்ணாடி போல இரும்பின் மேல் பரவியது. நீலச் சுடர் ஓரிடத்தில் நிற்காமல் பட்டியைச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. இரும்பு பழுத்து ஆரஞ்சுக்கு வரும் நேரத்தில் ராடின் நுனியைத் தொட்டார். அதுவரை முண்டாக நின்ற பித்தளை ஒரே நொடியில் தண்ணீர் மாதிரி ஓடி, பட்டிக்கு அடியில் மறைந்து, எதிர் ஓரத்தில் மஞ்சள் கோடாக எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்தால்தான் உள்ளே முழுக்கப் போயிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைப் புகை கிளம்பினால் சூடு மிஞ்சி, பித்தளையிலிருக்கும் துத்தநாகம் எரிகிறது. அந்தப் புகையை மூச்சில் வாங்கினால் ராத்திரி காய்ச்சல் வரும். பாய் கடையில் புகை கிளம்பவில்லை.

நான் பழக்கத்தில் தண்ணீர் மக்கைத் தூக்கினேன். "வெச்சிரு கீழ" என்றார். தானாக ஆற வேண்டும். அரை மணி நேரம் கழித்து, வெந்நீரில் நனைத்து வெண்காரக் கண்ணாடியை இளக்கி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எங்கள் தெரு ஏ.சி. மெக்கானிக்கும் "என்கிட்டயே டார்ச் இருக்கே, நானே ஒட்டித் தரேன்" என்றார். அவர் செம்புக் குழாய்க்கு வைத்திருப்பது பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பி. செம்புக்கு அருமையானது. இரும்பில் வைத்தால் ஒட்டும் எல்லையில் நொறுங்கும் படலம் உண்டாகும். வெள்ளி அதிகம் கலந்த சில்வர் ராடு என்றால் கதை வேறு. அது 600, 700 டிகிரியிலேயே ஓடும். மெல்லிய உயர்ரகக் குழாய்க்கு அதுதான் உசிதம், விலைதான் கடிக்கும்.

உயர்ரகம் என்றதும் ஞாபகம் வருகிறது. தாத்தா காலத்து இங்கிலாந்து சைக்கிள் வைத்திருப்பவர்கள் பிரேமில் ரெனால்ட்ஸ் 531 என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். 1935-ல் வந்த மாங்கனீஸ், மாலிப்டினம் கலந்த குழாய் அது. பித்தளையிலும் வெள்ளியிலும் ஒட்டுவதற்காகவே செய்யப்பட்டது, வெல்டிங்குக்கு ஒத்துவராது. அதில் விரிசல் என்றால் பட்டி போடுவதை விட, பிரேம் கட்டத் தெரிந்தவரைத் தேடிப்பிடித்து முழுக் குழாயையே மாற்றுவதுதான் மரியாதை. ஒரு சாதா சைக்கிளுக்கு அவ்வளவு மெனக்கெட மாட்டேன்.

விரிசலான பிரேமை விட்டுவிட்டு வேறு பிரேமுக்கு மாறுவதும் மோசமான வழி அல்ல. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் செய்து தள்ளிய ஊர் இது. காயலான் கடைகளில் இரும்பு பிரேமுக்குப் பஞ்சமே இல்லை. எனக்கு ஃபோர்க்கோடு சேர்த்து 900 ரூபாய் சொன்னார்கள். சாதா சைக்கிள் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும், சக்கரம், கிராங்க், ஹேண்டில் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த பிரேமுக்கும் அதே விபூதி சோதனை உண்டு. யாரோ ஏன் அதைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று தெரியாதல்லவா? திருட்டு வண்டியாக இருக்கலாம், ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாய் பட்டியோடு சேர்த்து 600 வாங்கினார். புது சைக்கிள் விசாரித்த கடையில் ஏழாயிரத்தைத் தொட்டது. அறுநூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையைச் சொன்னால், என்னைத் தள்ளியது அப்பா அந்த மேல் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக் கூட்டிப்போனதுதான். அது உங்கள் கணக்கில் இல்லாவிட்டால், விரிசல் இரண்டு இடத்தில் இருந்தாலோ துரு சேர்ந்திருந்தாலோ காயலான் கடை பிரேமே சரி.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நூல் எடுத்தேன். பின் காது ஒன்றில் கட்டி, முன்னால் ஹெட் பைப்பைச் சுற்றி, மறு காதுக்குக் கொண்டுவந்து விறைப்பாகக் கட்டினால், சீட் பைப்பின் இரண்டு பக்கமும் நூல் சம தூரத்தில் ஓட வேண்டும். வலது பக்கம் 1 மில்லிமீட்டர் கூட இருந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு சக்கரம் பிரேமில் உரசாது, விட்டுவிட்டேன். நாலு, ஐந்து என்று வந்திருந்தால் பாயிடம் திருப்பிக் கொண்டுபோயிருப்பேன்.

பட்டி போட்ட இடத்துக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. துரு பிடிக்காமல் இருக்க நிறமில்லாத வார்னிஷ் மட்டும். புதுக் கோடு வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. எட்டு மாதமாகச் செயினுக்கு எண்ணெய் விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடவை குனிந்து பார்க்கிறேன். மஞ்சள் கோடு அப்படியே இருக்கிறது. பாடி மேம்பாலத்தில் இப்போது கேட்பது செயின் கவர் உரசும் சத்தம்தான். ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.